ஒரே தெரு, ஒரே அளவு வீடு, வேறு வேறு வரி: சொத்து வரியை எப்படிப் போடுகிறார்கள், அது நியாயமா?

கேள்வி இதுதான்: "சென்னையில் சொந்த வீடு. பக்கத்து வீடும் ஏறக்குறைய இதே அளவு. ஆனால் அரையாண்டு வரியில் நிறைய வித்தியாசம் வருகிறது. மாநகராட்சி எதை வைத்து வரி போடுகிறது? இது நியாயமா?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஒரு காகிதமும் பேனாவும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் வித்தியாசம் வருகிறது என்றால் பரப்பளவோ, உபயோகமோ, கட்டிய வருடமோ பதிவேட்டில் வேறு மாதிரி ஏறியிருக்கும். அதை மனு கொடுத்துச் சரிசெய்யலாம். மனு கொடுத்தும் தீராத அநியாயம் ஒன்று இருக்கிறது. 1998-இல் தெருத் தெருவாக நிர்ணயித்த மதிப்பை மறுபடி நிர்ணயிக்காமல், அதன் தலையில் சதவீதத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். நாம் எல்லோரும் "வரி கூடிவிட்டது" என்று பேசுகிறோம். யாருக்கு எவ்வளவு கூடியிருக்க வேண்டும், யாருக்குக் குறைந்திருக்க வேண்டும் என்று பேசுவதில்லை.

இனி விரிவாக.

சொத்து வரி என்றதும் பலர் வீட்டின் விலையை நினைக்கிறார்கள். பத்திரப் பதிவுக்குப் பார்க்கும் வழிகாட்டி மதிப்போடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. நம் ஊரில் இந்த வரி வீட்டின் விலை மேல் போடப்படுவதில்லை. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு வருமோ, அந்த ஆண்டு வாடகை மதிப்பின் மேல் போடப்படுகிறது. நீங்களே குடியிருந்தாலும் சரி, பூட்டி வைத்திருந்தாலும் சரி, "விட்டால் எவ்வளவு வரும்" என்பதுதான் அடிப்படை. 1919-ஆம் வருடத்துச் சென்னை மாநகராட்சிச் சட்டம் இதை அப்படியே எழுதி வைத்தது. நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வாடகையை எடுத்து, கட்டடத்துக்கு உரிய பங்கில் மட்டும் பராமரிப்புக்காக 10 சதவீதம் கழிக்க வேண்டும் என்றது. 2023 ஏப்ரலில் மாநிலத்தின் எல்லா நகர உள்ளாட்சிகளுக்கும் பொதுவான சட்டமும் விதிகளும் நடைமுறைக்கு வந்தன. ஆனாலும் இன்று கைக்கு வரும் பில்கள் பழைய கணக்கின் மேல் ஏற்றப்பட்டவைதான்.

"நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வாடகை" என்று சட்டத்தில் எழுதுவது சுலபம். லட்சக்கணக்கான வீடுகளுக்கு அதைக் கண்டுபிடிப்பது யார்? ஆரம்பத்தில் வரி மதிப்பீட்டாளர் வந்து பார்த்து ஒரு தொகை சொல்வார். வீட்டுக்காரர் மறுப்பார். ஏதோ ஒரு இடத்தில் படியும். அந்தப் பேரத்தில் யாருக்கு என்ன லாபம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இன்னொரு சிக்கல் நீதிமன்றத்திலிருந்து வந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உள்ள ஊரில், அந்தச் சட்டப்படி வரக்கூடிய நியாய வாடகைக்கு மேல் வரி மதிப்பு போகக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் குண்டூர் நகராட்சி வழக்கில் சொன்னது. பிறகு 1979-இல் திவான் தௌலத் ராய் கபூர் வழக்கில், சொந்தக்காரரே குடியிருக்கும் வீட்டுக்கும் அதுதான் விதி என்று உறுதிசெய்தது. சந்தை வாடகை எங்கேயோ போக, வரி மதிப்பு கட்டுப்பாட்டு வாடகையோடு கட்டிப்போடப்பட்டது.

நகரங்கள் இதிலிருந்து வெளியே வர வேறு வழி தேடின. 1993-இல் பாட்னா பரப்பளவு அடிப்படையில் வரி போட ஆரம்பித்தது. பெங்களூரு 2000-இல் வீட்டுக்காரரே தன் வரியைக் கணக்கிடும் சுயமதிப்பீட்டைக் கொண்டுவந்தது. டெல்லி 2004-இல் அலகுப் பரப்பு முறைக்கு, அதாவது பரப்பளவை இடத்துக்கு ஏற்ற ஒரு மதிப்பால் பெருக்கும் முறைக்குப் போனது. மும்பை 2010-இல் வாடகையையே விட்டுவிட்டு மூலதன மதிப்புக்கு, அதாவது சொத்தின் விலைக்கு மாறியது. சென்னையில் 1998 பொதுச் சீராய்வின்போது (எல்லாச் சொத்துகளின் வரி மதிப்பையும் மொத்தமாகத் திருத்துவதுதான் பொதுச் சீராய்வு) ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என்று "அடிப்படைத் தெரு மதிப்பு" வைத்தார்கள். குடியிருப்புக்கு 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரை. குடியிருப்பு அல்லாததற்கு 4 ரூபாய் முதல் 12 ரூபாய் வரை. மதிப்பீட்டாளரின் மனம்போன போக்கைக் குறைத்த வகையில் அது பெரிய முன்னேற்றம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஒரு வீட்டை எடுத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,000 சதுர அடி, தெரு மதிப்பு 1 ரூபாய் 50 காசு, கட்டி 10 வருடம், சொந்தக்காரரே குடியிருக்கிறார்.

1,000-ஐ 1.50-ஆல் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு 1,500 ரூபாய். சொந்தக் குடியிருப்புக்கு 25 சதவீதக் கழிவு உண்டு, அது போக 1,125. கட்டடத்தின் வயதுக்கு வருடத்துக்கு 1 சதவீதம், அதிகபட்சம் 25 சதவீதம் கழிவு. 10 வருடத்துக்கு 10 சதவீதம் போனால் 1,012 ரூபாய் 50 காசு. இதை 12 மாதத்தால் பெருக்காமல் 10.92-ஆல் பெருக்குவார்கள். இந்த 10.92 எங்கிருந்து வந்தது என்று நிறையப் பேர் கேட்பார்கள். வாடகையில் 90 சதவீதம் கட்டடத்துக்கு, 10 சதவீதம் மனைக்கு என்று பிரித்து, கட்டடப் பங்கில் மட்டும் சட்டம் சொன்ன 10 சதவீதத்தைக் கழித்தால் 100-க்கு 91 நிற்கும். 12 மாதத்தில் 91 சதவீதம்தான் 10.92. ஆக ஆண்டு மதிப்பு ஏறக்குறைய 11,057 ரூபாய்.

இதன் மேல் அரையாண்டுக்கு ஒரு விகிதம். ஆண்டு மதிப்பு 5,000 ரூபாயைத் தாண்டினால் பொது வரி 9 சதவீதம், கல்வி வரி 2.5 சதவீதம், பொது வரியில் பத்தில் ஒரு பங்காக நூலக வரி, எல்லாம் சேர்த்து 12.40 சதவீதம். (உங்கள் பேட்டையில் இருக்கும் கிளை நூலகம் ஓடுவது இந்த நூலக வரியில்தான். 1948-இலேயே சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் போட்டு இதற்கு வழிசெய்தது. நம் பில்லில் எனக்குப் பிடித்த வரி அது.) 11,057-க்கு 12.40 சதவீதம் என்றால் அரையாண்டுக்கு 1,371 ரூபாய்.

பிறகு ஏற்றங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் இந்த அளவு வீட்டுக்கு 75 சதவீதம் ஏறியது, 1,371 என்பது 2,399 ஆனது. 2024-25 இரண்டாம் அரையாண்டில் 6 சதவீதம் ஏறியதும் 2,543. இந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் அந்த 25 சதவீதக் கழிவு கிடைக்காது. ஆக, ஒரே மாதிரி இரண்டு வீட்டில் ஒன்று "சொந்தக் குடியிருப்பு" என்றும் இன்னொன்று "வாடகை" என்றும் பதிவாகியிருந்தால் இங்கேயே மூன்றுக்கு நான்கு என்ற வித்தியாசம் வந்துவிடும். உங்கள் கேள்விக்கான விடை இதற்குள் இருக்க வாய்ப்பு அதிகம். முன்பு வாடகைக்கு விட்டுப் பிறகு நீங்களே குடிவந்திருந்தால், அல்லது வாங்கிய வீட்டின் பழைய சொந்தக்காரர் வாடகைக்கு விட்டிருந்தால், பதிவேடு தானாக மாறாது.

இப்போது நியாயத்துக்கு வருவோம். 2022 உயர்விலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் வலித்தது அது.

பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் உயர்வு. 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளிலும், சென்னைக்கு வெளியே உள்ள மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளிலும் இதே படிகளுக்கு 25, 50, 75, 100. சிறிய வீட்டுக்குக் குறைவாகவும் பெரிய வீட்டுக்கு அதிகமாகவும் ஏற்றியது சரியான திசை. அந்த நோக்கத்தை நான் ஆதரிக்கிறேன். செய்த விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. வருமான வரியில் ஒரு ஸ்லாபைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே கோட்டைத் தாண்டினால் முழு வரியும் அடுத்த படியில் ஏறிவிடும். அரையாண்டுக்குப் பழைய வரி 3,000 ரூபாய் வந்துகொண்டிருந்த இரண்டு ஃப்ளாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 1,195 சதுர அடி, இன்னொன்று 1,205. முதலாவது 5,250 ஆகும். இரண்டாவது 6,000 ஆகும். ஒரு அலமாரி வைக்கும் இடத்துக்காக வருடத்துக்கு 1,500 ரூபாய். 1,800 சதுர அடிக் கோட்டில் இது இன்னும் கடுமை: 4,000 கட்டிக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் 8,000 கட்டுவார், இன்னொருவர் 10,000. உங்கள் வீடும் பக்கத்து வீடும் "ஏறக்குறைய" ஒரே அளவு என்றீர்கள். அந்த ஏறக்குறையவின் நடுவே 600, 1,200, 1,800 என்ற கோடுகளில் ஒன்று ஓடுகிறதா என்று பாருங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் அடியில் இருக்கிற 1998 மதிப்பு.

1998-இல் வேளச்சேரி எப்படி இருந்தது என்று அங்கே அப்போது மனை வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பறக்கும் ரயில் அங்கே போய்ச் சேர்ந்ததே 2007-இல்தான். மெட்ரோ ரயில் சென்னையில் முதன்முதலாக ஓடியது 2015-இல். இந்த இடைவெளியில் சில தெருக்களின் வாடகை பல மடங்கு ஏறியது. பழைய வடசென்னைத் தெருக்கள் சிலவற்றில் அந்த வேகத்துக்கு ஏறவில்லை. இப்படி நகரம் தெருவுக்குத் தெரு மாறியிருக்கும்போது எல்லாத் தெருவுக்கும் ஒரே சதவீதத்தை ஏற்றினால் என்ன ஆகும்? 1998-இல் ஒரு தெருவுக்கு 2 ரூபாயும் இன்னொரு தெருவுக்கு 1 ரூபாயும் வைத்திருந்தால், இன்றைக்கும் ஒரே அளவு வீட்டுக்கு முதல் தெருக்காரர் இரண்டாவது தெருக்காரரைப் போல இரண்டு மடங்கு கட்டுவார். இரண்டாவது தெருவில் வாடகை முதல் தெருவைத் தாண்டிப் போயிருந்தாலும் அப்படித்தான். வளராத தெரு வளர்ந்த தெருவின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. பில்லில் எந்த இடத்திலும் இது தெரியாது என்பதால் யாரும் இதற்காகச் சண்டை போடுவதும் இல்லை.

ஒரே தெருவுக்குள்ளும் இந்தக் கோணல் உண்டு. லிஃப்ட் இல்லாத 30 வருடப் பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி ஃப்ளாட் ஒன்று. அதே தெருவில் காவலாளி, லிஃப்ட், ஜெனரேட்டர், நீச்சல் குளம் எல்லாம் உள்ள புது அடுக்ககத்தில் அதே 800 சதுர அடி ஃப்ளாட் ஒன்று. இரண்டும் கான்கிரீட், இரண்டிலும் சொந்தக்காரர் குடியிருக்கிறார். 1998 கணக்குப்படி பழையதுக்குக் கிடைக்கும் அதிகபட்சக் கழிவு 25 சதவீதம். புதியது 100 ரூபாய் கட்டினால் பழையது 75 ரூபாய் கட்ட வேண்டும். வாடகைச் சந்தையில் அந்த இரண்டுக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வரியின் அடிப்படையே வாடகை என்கிறோம், ஆனால் குறைந்த வாடகை வரும் வீடு தன் மதிப்பில் அதிகப் பங்கை வரியாகக் கட்டுகிறது. மதிப்பீடு நியாயமா என்று சோதிக்க உலகம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: வீட்டின் உண்மை மதிப்பில் எத்தனை பங்கைப் பதிவேடு பிடித்திருக்கிறது, அந்தப் பங்கு ஏழை வீட்டுக்கும் பணக்கார வீட்டுக்கும் ஒன்றாக இருக்கிறதா?

அமெரிக்காவில் சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுன்டியில் இதே கேள்வியைப் பத்திரிகையாளர்கள் 2017-இல் எழுப்பினார்கள். அங்கே வரி வீட்டின் சந்தை விலை மேல். வீடு விற்ற விலை பொதுப் பதிவில் இருக்கும். விற்ற விலையையும் மதிப்பீட்டாளர் எழுதிய மதிப்பையும் வீடு வீடாக ஒப்பிட்டார்கள். விலை குறைந்த வீடுகளை அவற்றின் விலைக்கு மேலேயும், விலை உயர்ந்த வீடுகளை விலைக்குக் கீழேயும் மதிப்பிட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. வக்கீல் வைத்து மேல்முறையீடு செய்ய முடிந்தவர்கள் வசதியானவர்கள் என்பதால், முறையீடும் அந்தக் கோணலைக் கூட்டியது. மறு வருடமே அந்த மதிப்பீட்டாளர் கட்சியின் முன்தேர்தலில் தோற்றார். அங்கே அந்தப் பதவிக்குத் தேர்தல் உண்டு. தரவு பொதுவில் இருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊரில் தெரு மதிப்புப் பட்டியலை மாநகராட்சி இணையதளத்தில் பார்க்கலாம். அந்தத் தெருவில் உண்மையில் என்ன வாடகை ஓடுகிறது என்பதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடத்தான் எதுவும் இல்லை.

பழைய மதிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதும் இல்லை. இங்கிலாந்தில் கவுன்சில் வரி 1991 ஏப்ரல் 1 அன்று வீட்டுக்கு இருந்த விலையை வைத்துத்தான் இன்றும் போடப்படுகிறது. நேற்றுக் கட்டிய வீட்டுக்கும் "1991-இல் இருந்திருந்தால் என்ன விலை" என்று ஊகித்து ஒரு படியில் வைக்கிறார்கள். கலிபோர்னியா 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் வேறு முடிவு எடுத்தது: வீடு கை மாறாதவரை மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. பழைய ஆட்களுக்கு நிம்மதி. அதே தெருவில் புதிதாக வீடு வாங்கிய இளம் குடும்பம் பக்கத்து வீட்டுக்காரரைப் போலப் பல மடங்கு கட்டுகிறது. மறுமதிப்பீடு செய்தால் சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும். கூடியவர் தெருவுக்கு வருவார், குறைந்தவர் வீட்டுக்குள் இருப்பார். அரசியல்வாதிகளுக்கு அது தெரியும்.

சென்னையின் கதையும் அதுதான். 1998-க்குப் பிறகு இங்கே பொதுச் சீராய்வு இல்லை. மற்ற நகராட்சிகளில் 2008-இல் ஒன்று நடந்தது. 2011-இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, சேர்ந்தவர்கள் தங்கள் பழைய உள்ளாட்சியின் வரி விகிதத்தோடே வந்தார்கள். ஆற்காடு சாலையில் விருகம்பாக்கம் பழைய மாநகராட்சி, அடுத்து வரும் வளசரவாக்கம் நகராட்சியாக இருந்து சேர்ந்தது. ஒரே சாலை, ஒரே மேயர், இரண்டு வரிக் கணக்கு. 2018 ஜூலையில் குடியிருப்புக்கு 50 சதவீதம், வாடகைக் குடியிருப்புக்கும் கடைகளுக்கும் 100 சதவீதம் என்று ஒரு உயர்வு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் வாடகைக் குடியிருப்புக்கும் 50 என்று இறங்கினார்கள். 2019 நவம்பரில் உயர்வையே நிறுத்தி வைத்து, கட்டிய அதிகத் தொகையை அடுத்தடுத்த பில்லில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நகரத்தின் முக்கிய வருமானத்தைப் பற்றி வாக்களித்தவர்களிடம் பதில் சொல்ல ஆளே இல்லாத வருடங்கள் அவை.

2022-இல் அரசுக்கு வேறு வழியும் குறைவு. 15-ஆவது நிதிக் குழு நகர உள்ளாட்சிகளுக்கான மானியத்துக்கு ஒரு நிபந்தனை போட்டது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், அதன் பிறகு வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப ஏற வேண்டும் என்றது. ஆகவே உயர்வு தவிர்க்க முடியாதது என்பதை ஏற்கிறேன். குப்பை அள்ளவும் மழைநீர் வடிகாலுக்கும் தெருவிளக்குக்கும் பணம் வேண்டும். அதை அந்த ஊர்க்காரர்களே கொடுப்பதுதான் முறை. நம் வரி குறைவுதான் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மேலே போட்ட கணக்கில் எல்லா ஏற்றமும் சேர்ந்து 1,000 சதுர அடி வீட்டுக்கு வருடம் 5,086 ரூபாய். அந்த அளவு வீட்டின் ஒரு மாத வாடகையில் பாதிகூட வராத இடங்கள்தான் நகரத்தில் அதிகம்.

"அப்படியானால் உண்மை வாடகையை வைத்தே போடட்டுமே" என்று கேட்டால், அங்கேதான் முடிச்சு. அரையாண்டுக்கு 12.40 சதவீதம் என்றால் வருடத்துக்கு 24.80 சதவீதம். மாதம் 15,000 ரூபாய் வாடகை வரும் வீட்டுக்கு இந்த விகிதத்தை அப்படியே போட்டால் 10.92-ஆல் பெருக்கி, வருட வரி 40,600 ரூபாயைத் தாண்டும். யாராலும் கட்ட முடியாது, எந்த அரசும் கேட்காது. மதிப்பு கற்பனையாகத் தாழ்ந்து கிடப்பதால்தான் இவ்வளவு உயரமான விகிதம் உறுத்தாமல் உட்கார்ந்திருக்கிறது. விகிதத்தைக் கீழே இறக்கி மதிப்பை உண்மைக்கு உயர்த்துவதுதான் சரியான வழி. முதல் வருடம் நகரத்தின் மொத்த வசூல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். தெருவுக்குத் தெரு இருக்கும் கோணல் மட்டும் நேராகட்டும். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தெரு மதிப்பைத் திருத்தினால் 150 சதவீதம் என்ற அதிர்ச்சி யாருக்கும் வராது. இதைச் செய்யாமல் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏற்றுவது, 1998-இன் தவறுகளுக்கும் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏற்றுவதுதான்.

ஓய்வூதியக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மயிலாப்பூரில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கும் 75 வயதுக்காரருக்கு வீடு கோடிக்கணக்கில் போகும், கையில் வருவது பென்ஷன் மட்டும். உண்மை மதிப்பில் வரி போட்டால் அவர் பாடு என்ன என்பது நியாயமான கேள்வி. அதற்காக எல்லோருடைய மதிப்பையும் உறைய வைத்தால் வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துச் சலுகை போகிறது. வயது, வருமானம் பார்த்து அவருக்கு மட்டும் வரியைத் தள்ளிவைத்து, வீடு கை மாறும்போது வசூலிக்கலாம். வேறு நாடுகளில் அப்படி உண்டு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மாநகராட்சி இணையதளத்தில் மண்டலம், வார்டு, பில் எண், சப் எண் கொடுத்தால் உங்கள் கணக்கு வரும். பரப்பளவு, உபயோகம், சொந்தமா வாடகையா, கட்டிய வருடம், தெரு மதிப்பு என்ற ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமாகப் பரப்பளவு. ஃப்ளாட் என்றால் பில்டர் விளம்பரத்தில் சொன்ன சூப்பர் பில்டப் ஏரியா (படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடத்தின் பங்கையும் சேர்த்த அளவு) ஏறியிருக்கிறதா, அனுமதி பெற்ற வரைபடத்தில் உள்ளது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தனி வீடு என்றால் டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், தெற்கே ஒரு ஊரில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டில் பதிவேடு 1,320 சதுர அடி என்றது. நேரில் அளந்தால் 1,140. மிச்சம் எங்கே என்று தேடினால், மொட்டை மாடியில் முன்பு தகர ஷீட் போட்டுத் துணி காயப்போட்ட இடம். ஷீட்டைக் காற்று கொண்டுபோய் வருடங்கள் ஆகிவிட்டன, பதிவேட்டில் அது அப்படியே நின்றது. "பழைய ரெக்கார்டுல இப்படித்தான் சார் இருக்கு" என்றார் வரி வசூலிக்க வந்தவர். "ரெக்கார்டுல இருக்கட்டும் தம்பி, மேல ஏறி ஒரு தடவை பாத்துடுங்க" என்றார் வாத்தியார். பழைய வரி 1,980 ரூபாய், 1,200-ஐத் தாண்டியதால் 75 சதவீதம் ஏறி 3,465 ஆகியிருந்தது. அளவு திருத்தியதும் அடிப்படை 1,710-க்கு இறங்கியது, உயர்வும் 50 சதவீதப் படிக்கு வந்தது. 2,565. அரையாண்டுக்கு 900 ரூபாய் குறைந்தது. அவர் கொடுத்தது ஒரு பக்க மனு, வரைபட நகல், மாடியின் போட்டோ, அவ்வளவுதான்.

அளந்து பார்த்துக் குறைவாக ஏறியிருந்தால்? அதையும் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ட்ரோனும் செயற்கைக்கோள் படமும் வைத்துக் கட்டடங்களைச் சரிபார்க்கும் காலம் இது. பக்கத்து வீட்டு வரி குறைவாக இருப்பதற்குக் காரணம் அனுமதி இல்லாமல் எழுப்பிய இரண்டாவது மாடி பதிவேட்டில் ஏறாததாகவும் இருக்கலாம். அதுவும் உங்கள் தலையில் விழும் சுமைதான்.

புது மதிப்பீட்டு நோட்டீஸ் வந்திருந்தால் அதில் குறிப்பிட்ட கெடுவுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மண்டல அலுவலகத்தில் தீரவில்லை என்றால் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக்குப் போகலாம். "எனக்கு அதிகம்" என்று மட்டும் எழுதினால் தள்ளிவிடுவார்கள். அதே தெருவில் அதே உபயோகம் உள்ள இரண்டு மூன்று வீடுகளின் கணக்கைப் பக்கத்தில் வைத்து, எந்த எண்ணில் பிசகு என்று சொல்லுங்கள். மனு நிலுவையில் இருக்கும்போது வரியை நிறுத்தாதீர்கள், ஆட்சேபணையோடு கட்டுகிறேன் என்று எழுதிக் கட்டுங்கள். ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை உண்டு. தாமதித்தால் வட்டி.

கடைசியாக, பலர் கோட்டைவிடும் ஒன்று. குடிநீர் வாரியம் வசூலிக்கும் குடிநீர், கழிவுநீர் வரியும் மாநகராட்சி நிர்ணயித்த இதே ஆண்டு மதிப்பில் வருடத்துக்கு 7 சதவீதம் என்றுதான் போடப்படுகிறது. மாநகராட்சிப் பதிவேட்டில் இருக்கும் பிழை இரண்டு பில்லிலும் உட்கார்ந்திருக்கும். திருத்த உத்தரவு கைக்கு வந்ததும் அதன் நகலை உங்கள் பகுதி குடிநீர் வாரிய அலுவலகத்திலும் கொடுத்து, அந்தக் கணக்கையும் மாற்றச் சொல்லுங்கள்.